கேள்வி – பதில்: முதல் பணத்தையும் கரைத்த வணிகர்

கேள்வி: எங்கள் தெருவில் ஜவுளிக்கடை நடத்தும் குடும்பம், தாத்தா காலத்துக் கோயில் கட்டளையை இன்றும் விடாமல் நடத்துகிறது. அமெரிக்க வணிகர் ரோசன்வால்டோ, தாம் நிறுவிய அறநிதியை மூடிவிடச் சொன்னாராம். தர்மத்துக்கும் கெடு வைப்பார்களா?
(வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: வைத்தார்; தாம் இறந்த 25 ஆண்டுகளுக்குள் வட்டி, முதல் இரண்டையும் செலவழித்து நிதியை மூடிவிட வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. நமக்கு இது விநோதமாகப் படுவதில் வியப்பில்லை. அம்பாசமுத்திரத்தில் வரகுண பாண்டியன் 290 காசைச் சபையாரிடம் கொடுத்து, முதல் பணத்தில் கை வைக்காமல், ஆண்டுக்குக் காசுக்கு இரண்டு கலமாக வரும் 580 கலம் நெல்லைக் கொண்டே கோயிலின் அன்றாடப் படிகளை நடத்தச் சொன்னதைக் கல்வெட்டில் காணலாம். சந்திர சூரியர் உள்ளவரை என்று கல்லில் வெட்டிப் பழகிய மண் இது.

ஜூலியஸ் ரோசன்வால்ட் (1862–1932), ஜெர்மனியிலிருந்து குடியேறிய துணி வியாபாரி ஒருவரின் மகன். 1895இல் சியர்ஸ் என்ற தபால்வழி விற்பனை நிறுவனத்தில் பங்கு வாங்கி, பின்னர் அதன் தலைவரானார். கல்வியாளர் புக்கர் வாஷிங்டனோடு சேர்ந்து, தென் மாநிலங்களின் கறுப்பினக் குழந்தைகளுக்காக அவர் தொடங்கிய பணியில் 1932க்குள் 4,977 பள்ளிகள் எழுந்தன. மின்சாரம் எட்டாத சிற்றூர்கள் என்பதால், வெயில் கண்ணில் அடிக்காமல் வெளிச்சம் மட்டும் பலகையில் விழும்படி, வகுப்பறையின் ஒரு பக்கச் சுவரில் உயரமான ஜன்னல்களை வரிசையாக அமைத்தார்கள். பணம் முழுவதையும் அவர் கொடுத்துவிடவில்லை என்பதே என்னை அதிகம் கவர்ந்த செய்தி. ஊராரும் அரசும் பங்கு போட வேண்டும் என்றார். நிதி கொடுத்தது ஏறத்தாழ 43 லட்சம் டாலர் என்றால், கறுப்பின மக்கள் தாங்களே திரட்டியது 47 லட்சம் டாலர். விற்ற சரக்கில் மகமை பிடித்துப் பள்ளிக்கூடம் கட்டிய நம் பக்கத்து நாடார் உறவின்முறைகளை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்.

ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துத் தேவையைத் தானே கண்டு கொடுக்கும், செத்தவன் கை அதைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பது அவர் கருத்து. 1917இல் தோன்றிய நிதி, கெடுவுக்கு முன்பே 1948இல் மூடப்பட்டது. கொடை அத்தோடு நிற்கவில்லை. மகன் லெசிங், தாம் சேர்த்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அச்சோவியங்களையும் வரைபடங்களையும் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்கும், அரிய நூல்களை நாடாளுமன்ற நூலகத்துக்கும் கொடுத்தார். சியர்ஸ் நிறுவனமே 2018இல் திவால் மனு கொடுத்த கதை தனி.

விளக்குக்குத் தினமும் எண்ணெய் வேண்டும். அதற்கு வரகுணன் வழிதான் சரி. பள்ளிக்கூடம் இல்லாத ஊருக்கு வட்டி சேரும்வரை காத்திருப்பது ஒரு தலைமுறைப் பிள்ளைகளை வீட்டில் உட்கார வைப்பதாகும்; அங்கே ரோசன்வால்டின் பக்கமே நான் நிற்பேன். உங்கள் தெருக் குடும்பத்தார் கட்டளையை நிறுத்த வேண்டியதில்லை. தாத்தாவின் கட்டளைக்கு அப்பால், பேரன்மார் தங்கள் கைப்பணத்தில் புதிதாக ஏதேனும் தொடங்கியிருக்கிறார்களா என்று விசாரித்து எழுதுங்கள்.