பென்சிலால் முடிவான இனம்: கேள்வி பதில்

கேள்வி: இனம் என்பது பிறப்பிலேயே இருப்பதா, மனிதர்கள் உண்டாக்கியதா?

பதில்: தோல் நிறமும் முடியும் பிறப்பில் வருபவை. அவற்றை வைத்துக் கோடு போட்டது மனிதர்கள். மரபியலாளர் ரிச்சர்ட் லூவாண்டின் 1972-ல் கணக்குப் பார்த்தபோது, மனிதர்களின் மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருந்தது.

தென்னாப்பிரிக்காவில் அந்தக் கோட்டை எப்படிப் போட்டார்கள் தெரியுமா? 1950-ல் வந்த மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஏதாவது ஓர் இனத்தில் பதியச் சொன்னது. சந்தேகம் வந்தால் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். நழுவி விழுந்தால் வெள்ளையர், சிக்கி நின்றால் இல்லை. கூடப்பிறந்தவர்களே வேறு வேறு இனமாகப் பதிவானதுண்டு. எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் சேரலாம், யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்பதெல்லாம் அந்தப் பதிவைப் பொறுத்தே அமைந்தது. 1991-ல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

கேள்வி: வசதிகள் சமமாக இருந்தால், தனித்தனியாக வைப்பதில் என்ன தப்பு?

பதில்: 1896-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே இப்படிச் சொல்லித்தான் பிரிவினையை அனுமதித்தது. 1954-ல் அதே நீதிமன்றம், பள்ளிகளில் பிரித்து வைப்பதே சமமின்மைதான் என்று தீர்ப்பளித்தது. கட்டடம் ஒரே மாதிரி இருந்தாலும், "நீ அங்கே வராதே" என்பது குழந்தைக்குப் புரியத்தானே செய்யும்?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் எல்லோருக்கும் ஒரே விதிதான். இதில் பாகுபாடு எப்படி வரும்?

பதில்: அந்த விதி வேலைக்குத் தேவையா என்று பாருங்கள். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் டியூக் பவர் என்ற மின்சார நிறுவனம் நல்ல பிரிவுகளுக்குப் போக உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் கேட்டது, தேர்வும் வைத்தது. பிரிவினைப் பள்ளிகளில் படித்த கறுப்பினத்தவர்களே அதிகம் தடுக்கப்பட்டார்கள். ஆனால் சான்றிதழ் இல்லாமல் முன்பே சேர்ந்த வெள்ளையர்கள் அதே வேலையை நன்றாகவே செய்துகொண்டிருந்தார்கள். 1971-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. நோக்கம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, விளைவையும் பார்க்க வேண்டும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இதுதான்.

கேள்வி: அப்படியென்றால் சலுகைகளும் பாகுபாடுதானே?

பதில்: இல்லை. 1965-ல் ஐ.நா. ஏற்ற இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கை இதைத் தெளிவாகவே சொல்கிறது. பின்தங்கிய கூட்டத்தைச் சமநிலைக்குக் கொண்டுவரும் சிறப்பு ஏற்பாடு பாகுபாடு ஆகாது. ஆனால் நோக்கம் நிறைவேறிய பிறகும் அது தொடரக்கூடாது.

கேள்வி: சட்டமெல்லாம் மாறியாச்சு. இன்னும் எதற்கு இந்தப் பேச்சு?

பதில்: அமெரிக்காவில் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ரத்தப் பரிசோதனையிலிருந்து கணக்கிடும் ஒரு சூத்திரம் இருந்தது. நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159-ஆல் பெருக்குவார்கள். அந்த விடை 20 அல்லது அதற்குக் கீழே வந்தாலோ, டயாலிசிஸ் தொடங்கினாலோதான் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் கணக்கில் சேரும். பெருக்காவிட்டால் 18 வரும் ஒருவருக்கு, பெருக்கியதால் சுமார் 21 வரும். உடம்பு கெட்டுக்கொண்டிருக்க, தாளில் நன்றாக இருப்பதாகத் தெரியும். இனத்தைச் சேர்க்காத புதிய சூத்திரம் 2021-ல்தான் வந்தது. இதற்கென்று யாரும் சட்டம் போடவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. ஒரு பெருக்கல்தான்.