ஐந்து பேருக்கு ஐந்து புத்தகம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நாங்கள் திருகோணமலையில், திருக்கடலூரில் இருக்கிறோம். சின்னவன் தரம் 1. அடுத்தவன் இந்த வருடம் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிறான்; கதைப் புத்தகத்தைக் கண்டாலே ஓடுவான், மீன், கப்பல் என்றால் ஆயிரம் கேள்வி கேட்பான். மகளுக்கு 15 வயது, எந்நேரமும் போனில் தொடர்கதை. கணவர் கடற்றொழில் செய்கிறார், பத்திரிகை தவிர எதுவும் வாசிப்பதில்லை. மாமிக்கு 70 தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் தொடர்கதைகளை விடாமல் வாசித்தவர். இப்போது எழுத்துச் சிறிது என்று மூடிவைத்துவிடுகிறார். தம்பி சென்னைக்குப் போகிறான். 20,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கட்டாயம் வாசிக்க வேண்டிய 25 புத்தகங்களின் பட்டியல் தருவீர்களா?

ஒரு வாசகி, திருக்கடலூர்

அன்புள்ள சகோதரிக்கு,

பட்டியல் தரமாட்டேன். 25 புத்தகங்களை ஒரேயடியாக வாங்கினால் அவை அலுமாரியில்தான் இருக்கும். இப்போதைக்கு ஆளுக்கு ஒன்று போதும். அது எந்தப் பக்கத்தில் நின்றுபோகிறது என்று பார்த்து அடுத்ததைத் தெரிவுசெய்யுங்கள். முதல் பத்துப் பக்கத்துக்குள் நின்றால் மொழி கடினம், அல்லது எழுத்துச் சிறிது. நடுவில் நின்றால் புத்தகம் நீளம், அல்லது அவருக்கு அந்த விஷயத்தில் அக்கறை இல்லை. முதலாவதற்கு மருந்து இலகுவான நடை அல்லது பெரிய எழுத்து, இரண்டாவதற்குச் சிறிய புத்தகம் அல்லது வேறு கதை. இதைப் பிரித்துப் பார்க்காமல் “இவனுக்கு வாசிப்பு வராது” என்று முடிவுகட்டுவதுதான் நம் வீடுகளில் நடக்கிறது.

சின்னவனுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. ஸ்டோரிவீவர் என்ற தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம்; நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதலாம் நிலையில் தொடங்குங்கள். மொழிபெயர்ப்புகளில் சில வேளை நீண்ட சொற்கள் வந்துவிடும், அதனால் முன்கூட்டியே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கூடவே நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாடல்கள். ‘கத்தரி வெருளி’யைத் தாளத்தோடு படித்துக் காட்டினால் இரண்டாம் நாளே பிள்ளை கூடச் சொல்லும்.

புலமைப்பரிசில் பிள்ளைக்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். அவனுக்கு வாசிப்பு என்றால் பந்தியும் அதற்குக் கீழே கேள்விகளும். ஆகவே இந்த வருடம் அவன் வாசிக்கும் எதைப் பற்றியும் கேள்வி கேட்காதீர்கள், “என்ன படிப்பினை?” என்றும் கேட்காதீர்கள். கதை வேண்டாமென்றால் விடுங்கள். மீன்களைப் பற்றிய படப் புத்தகத்தில் படத்துக்குக் கீழே உள்ள இரண்டு வரியை வாசித்தாலும் அது வாசிப்புத்தான். நம் கடலுக்கு நீலத் திமிங்கிலம் வருகிறது என்பதைவிட நல்ல தொடக்கம் அவனுக்கு வேறென்ன? புத்தகம் எடுக்கும்போது ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து இடத்துக்கு மேல் தடக்கினால் அது அவனுக்கு இப்போது பாரம். தடக்குவது பெரும்பாலும் பொருள் தெரியாததால் அல்ல, புணர்ந்து நீண்ட சொற்களைக் கண் பிரிக்க முடியாததால்.

இரவில் நீங்களே வாசித்துக்காட்ட ‘டோட்டோ-சான்’ எடுங்கள். யப்பானிய நூல், தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. ரயில் பெட்டிகளை வகுப்பறையாகக் கொண்ட பள்ளிக்கூடத்தின் கதை. அத்தியாயங்கள் மிகச் சிறியவை, ஓரிரவுக்கு இரண்டு வாசிக்கலாம். ஒரு தோழனின் மரணமும், கடைசியில் பள்ளிக்கூடம் குண்டுவீச்சில் எரிவதும் வரும். அந்த இரவுகளில் வாசித்தவுடன் விளக்கை அணைத்துவிடாதீர்கள்.

மகளிடம் போனைப் பறிக்க வேண்டாம். தொடர்கதையைத் தினமும் தேடிப்போகிற பிள்ளை ஏற்கெனவே வாசகிதான். சின்ன அத்தியாயம், முடிவில் ஒரு திருப்பம், அதற்குத்தான் பழகியிருக்கிறாள். கல்கி எழுதியதும் அதே கட்டுமானம். ஆனால் ‘பொன்னியின் செல்வ’னில் தொடங்காதீர்கள்: ஐந்து பாகம், முதல் பாகத்திலேயே பெயர்கள் குவியும். ‘பார்த்திபன் கனவு’ மூன்று பாகமென்றாலும் ஒரே புத்தகமாகக் கிடைக்கும். அது பிடித்தால் பெரியதற்குப் போகட்டும். யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு தாளில் எழுதி முதல் அட்டைக்குள் செருகிவைத்தால் இரண்டாம் பாகம் வரை வந்துவிடுவாள், அங்கே கதை இலங்கைக்கு வருகிறது, பிறகு நிறுத்தமாட்டாள். இடையில் ஒரு மாற்றத்துக்கு ஈழத்துக் கவிஞர் மஹாகவியின் ‘குறும்பா’, 1966இல் வந்தது. ஐந்து வரிக் கேலிப் பாடல்கள். பத்து நிமிடத்தில் ஒரு கைப்பிடி வாசித்துவிடலாம். இரா. நடராசனின் ‘ஆயிஷா’வைப் பலரும் இந்த வயதுக்குச் சொல்வார்கள். சிறிய கதை, ஆனால் அதில் பிள்ளை இறந்துபோகிறாள். முதலில் நீங்கள் வாசியுங்கள், பிறகு கொடுங்கள், அன்றே அதைப் பற்றிக் கதையுங்கள்.

உங்கள் கணவருக்கு நாவல் வேண்டாம், ஒரேயொரு சிறுகதை: மூதூர் வ.அ. இராசரத்தினத்தின் ‘தோணி’. குடாவுக்கு அந்தப் பக்கத்து எழுத்தாளர். இருந்த இருப்பில் முடிந்துவிடும். அடுத்து வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, தமிழ்நாட்டு மணப்பாட்டுக் கரையில் வல்லம் என்ற நாட்டுப்படகுக்கும் லாஞ்ச் என்ற இயந்திரப் படகுக்கும் இடையில் வரும் பகை. மெல்லிய நாவல். தொழில் தெரிந்தவர் கதாசிரியர் எங்கே பிழைவிட்டார் என்று பிடிக்கப் பார்ப்பார். பார்க்கட்டும், அதற்காகவாவது கடைசி வரை வாசிப்பார். மூன்றாவதாக, நெடுந்தீவுக்கு வாடி (மீனவர் தங்கும் தற்காலிகக் கொட்டில்) போட வந்தவர்களைப் பற்றிய செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’. தொழிலுக்குப் போகாத நாட்களில் கொடுங்கள். விடியப்புறம் கடலுக்குப் போய் வந்தவர் இரவு எட்டு மணிக்கு எந்தப் புத்தகத்தோடும் தூங்கிவிடுவார்.

மாமிக்கு அதே செங்கை ஆழியானின் ‘ஆச்சி பயணம் போகிறாள்’. யாழ்ப்பாணத்து ஆச்சி கதிர்காமத்துக்குப் புறப்படுகிற நகைச்சுவை நாவல். அவருக்குக் குறை எழுத்தின் அளவுதான், அதைத் தீர்க்க வழி இருக்கிறது. தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் கல்கியின் நாவல்கள் படமாக அல்லாமல் எழுத்தாகவே உள்ளன. நகலெடுத்து 18 புள்ளி அளவில், வரிகளுக்கிடையே ஒன்றரை மடங்கு இடைவெளி விட்டு, மங்கலான தாளில் அச்சிடுங்கள். பளபளப்பான வெள்ளைத் தாள் கண்ணைக் கூசும். 40 பக்கத்துக்கு ஒரு கட்டாகத் தைத்தால் கைக்கும் பாரமில்லை. ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள் ஏராளமாக இருந்தாலும் பெரும்பாலும் பக்கத்தைப் படமெடுத்த கோப்புகள். அவற்றில் எழுத்தைத் தனியாகப் பெரிதாக்க முடியாது, பக்கத்தையே இழுத்துப் பெருப்பிக்க வேண்டும். போனில் அது அவருக்குச் சரிவராது. டப்லெட் இருந்தால் முயலலாம்.

தம்பியிடம் இந்த முறை மூன்றே மூன்று புத்தகம் சொல்லுங்கள்: டோட்டோ-சான், பார்த்திபன் கனவு, கடல்புரத்தில். ஈழத்து நூல்களைப் பொது நூலகத்தில் முதலில் கேளுங்கள். தலைப்பை மட்டும் எழுதிக்கொடுத்தால் போதாது. கல்கியின் நாவல்களுக்குப் பல பதிப்பகங்களின் பதிப்புகள் உண்டு, அவற்றில் சுருக்கப் பதிப்புகளும் பொடி எழுத்துப் பதிப்புகளும் கலந்திருக்கும். ‘முழுப் பதிப்பு’ என்று எழுதுங்கள், வாங்கும் முன் உள்ளே ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மீதிக் காசு இருக்கட்டும். புலமைப்பரிசில் முடிந்தபின் பிள்ளைகளையே கடைக்குக் கூட்டிப்போய்த் தெரிவுசெய்ய விடுங்கள்.