எண்ணெய் விட்ட பிறகும் செயினில் ஏன் கரகரப்பு?

மாதம் தவறாமல் மிதிவண்டிச் செயினுக்கு எண்ணெய் விட்டும் மை போன்ற கறுப்பு அழுக்கு சேர்கிறது, மிதிக்கும்போது கரகரவென்று சத்தம் வருகிறது, எண்ணெய் போதவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணெய் குறைந்திருக்க வாய்ப்பில்லை. பெரும்பாலும் அது கூடிப்போயிருக்கும், அதுவும் வேண்டாத இடத்தில்.

எண்ணெய் வற்றிய செயின் கீச்சென்று கத்தும். கரகரப்பு மண்துகளின் சத்தம். செயினைச் சற்றுத் தளர்த்திப் பிடித்து, ஒரு கண்ணியைக் காதருகே மடக்கி நிமிர்த்திப் பாருங்கள். உள்ளே மணல் அரைபடுவது கேட்டால், எண்ணெய் விடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது.

செயினின் ஒவ்வொரு மூட்டிலும் இரு பக்கத் தகடுகளும், அவற்றைக் கோத்துக் குறுக்காகச் செல்லும் சிறிய ஆணியும், அதைச் சுற்றி உருளும் ஓர் உருளையும் உள்ளன. பல்சக்கரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் செயின் மடங்குவது அந்த ஆணியைச் சுற்றித்தான் என்பதால், எண்ணெய் வேண்டியது ஆணிக்கும் உள்தகட்டின் துளைக்கும் இடையே உள்ள மயிரிழை இடைவெளியில். வெளித்தகட்டின் மேல் வழியும் எண்ணெய் எதையும் மசகிடுவதில்லை. தூசியைப் பிடித்துவைப்பது மட்டுமே அதன் வேலை. அந்தத் தூசியும் தேய்ந்த உலோகத் துகளும் எண்ணெயில் குழைந்தால் கிடைப்பது ஒரு சாணைப் பசை. துடைக்காத செயின் மேல் புதிய எண்ணெயை ஊற்றும்போது, அந்தப் பசையை நாமே கழுவி மூட்டுக்குள் அனுப்புகிறோம்.

சுத்தம் செய்யும் முறையை, நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். ஒருமுறை மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் கொண்டு செயினைப் பளபளவென்று தேய்த்துவிட்டு, அந்த ஈரம் காய்வதற்குள் எண்ணெயும் விட்டேன். மறுநாளே செயின் கீச்சிடத் தொடங்கியது. மூட்டுகளுக்குள் தங்கியிருந்த மண்ணெண்ணெய், விட்ட எண்ணெயை நீர்க்கச் செய்து வெளியேற்றிவிட்டது. அதன் பிறகு, மண்ணெண்ணெயில் தேய்த்ததும் சோப்பு நீரால் கழுவி, துணியால் அழுத்தித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின்னரே எண்ணெயைத் தொடுகிறேன். காயவிடுகிறேன் என்று இரண்டு நாள் மறந்துவிடவும் கூடாது. எண்ணெய்ப் பூச்சை இழந்த எஃகு மிக விரைவில் செந்துரு பிடித்துவிடும். பின்பக்கக் கியர் மாற்றியில் உள்ள இரண்டு சிறு சக்கரங்களையும் ஒரு குச்சியால் சுரண்டுங்கள். அவற்றில் அப்பியிருக்கும் கறுப்புக் களியை விட்டுவைத்தால், கழுவிய செயின் சில சுற்றுகளிலேயே பழைய நிலைக்குத் திரும்பும்.

எண்ணெய் விடும்போது மிதியை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றியபடி, செயினின் கீழ் ஓட்டத்தில் மேலே தெரியும் உட்புறத்தில், உருளைக்கு ஒரு சொட்டு மட்டும் வையுங்கள். உருளைக்கும் தகட்டுக்கும் இடையே அந்தச் சொட்டு ஒரு கணம் திரண்டு நின்று பிறகு உள்ளே இழுபடுவதைக் கண்ணால் பார்க்கலாம். நிறம் மாறித் தெரியும் இணைப்புக் கண்ணியில் தொடங்கினால் ஒரு சுற்று முடிந்ததா என்ற குழப்பம் வராது. நூற்றுக்கும் மேற்பட்ட சொட்டுகள் என்றாலும் ஐந்தாறு நிமிட வேலைதான். பிரேக் பிடிக்கும் வட்டிலோ விளிம்பிலோ ஒரு துளியும் தெறிக்கக் கூடாது. பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும் வகை வண்டி என்றால் பின்சக்கரத்தைத் தூக்கி முன்னோக்கிச் சுற்றுங்கள். ஆனால் துணியையும் விரலையும் பல்சக்கரத்துக்கு அருகே கொண்டுபோகாதீர்கள்.

பிறகு சில மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, அப்படியே விட்டு, உலர்ந்த துணியால் செயினைப் பற்றிக்கொண்டு மிதியைச் சுற்றித் துடையுங்கள். எண்ணெய் விடும் நேரத்தைவிட இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் நேரம் அதிகம். தகட்டைத் தொட்டால் விரலில் லேசான மினுமினுப்பு மட்டும் ஒட்ட வேண்டும்.

எந்த எண்ணெய் என்பது அவ்வளவு பெரிய கேள்வி அன்று. மழையில் ஓட்டுபவருக்குக் கெட்டியான செயின் எண்ணெயும், புழுதியில் ஓட்டுபவருக்கு உலர்வகையும் பொருந்தும். துரு நீக்கும் தெளிப்பான்களில் பெரும்பகுதி ஆவியாகும் கரைப்பான் என்பதால் அவற்றின் மசகு நீடிக்காது. சமையல் எண்ணெய் நாளடைவில் காற்றுப்பட்டுப் பிசினாகும். புதிய செயினில் ஆலையிலேயே இட்ட கிரீஸ் உள்ளே இருப்பதால் அதைக் கழுவாமல் வெளிப்புறத்தை மட்டும் துடைத்தால் போதும்.

நாள்காட்டியைப் பார்த்து எண்ணெய் விடுவதையும் நிறுத்துங்கள். மழையில் நனைந்த அன்று மாதக் கணக்கு செல்லாது. மூலையில் நின்ற வண்டிக்கு அது தேவையும் இல்லை.

இவ்வளவு நாள் கரகரத்த செயினை, கழுவும் முன் ஒருமுறை அளந்துவிடுங்கள். ஆணியின் மையத்திலிருந்து அடுத்த ஆணியின் மையத்துக்கு 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். ஆகவே புதிய செயினில் இப்படி 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம் வரும். செயினை இழுத்துப் பிடித்து அளக்கும்போது அது 12 அங்குலத்தைவிட 1.5 மி.மீ. கூடியிருந்தால், பல கியர் வண்டியில் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. ஒற்றைக் கியர் வண்டி என்றால் 3 மி.மீ. வரை பொறுக்கலாம். நீண்டுவிட்டது என்று சொன்னாலும் தகடுகள் நீள்வதில்லை, ஆணிகளும் துளைகளும்தான் தேய்ந்திருக்கின்றன. அந்த அளவைத் தாண்டியிருந்தால் மண்ணெண்ணெயை வீணாக்காமல் புதிய செயினை வாங்குங்கள்; தேய்ந்ததையே ஓட்டிக்கொண்டிருந்தால் அது பல்சக்கரத்தையும் தேய்த்துவிடும், பிறகு புதிய செயின் அதன் மேல் நிற்காமல் துள்ளும்.