கறுத்தச் சேவல் ஒட்டின போத்தில்

கேள்வி: இத்தாலியில இருக்கிற மச்சான் கலியாண வீட்டுக்கு வந்த நேரம் ரெண்டு சிவப்பு வைன் போத்தில் தந்திட்டுப் போனவர். ரெண்டிலயும் கியாந்தி எண்டுதான் போட்டுக்கிடக்கு, ஆனா ஒண்டின்ர கழுத்தில மட்டும் கறுத்தச் சேவல் படம். மற்றது டூப்ளிக்கேட்டோ? (கோண்டாவில் வாசகர்)

பதில்: சும்மா மச்சானைச் சந்தேகப்படாதேங்கோ, ரெண்டும் ஒறிஜினல்தான். கியாந்தி எண்டது முந்திரிகையின்ர பேரில்லை, இடத்தின்ர பேர். இத்தாலியில டஸ்கனி எண்ட பகுதியில, புளோரன்ஸ், சியேனா எண்ட ரெண்டு ஊருக்கும் நடுவில கிடக்கிற மலைக்காடு. 1716இல மூண்டாம் கோசிமோ எண்ட பிரபு, இந்த எல்லைக்குள்ள காய்ச்சதுதான் கியாந்தி எண்டு சட்டமே போட்டிட்டார். பேந்து பேர் நல்லா விலைப்பட, சுத்துவட்டாரத்து ஆக்களும் அதே பேரில விக்க வெளிக்கிட்டிச்சினம், 1932இல அரசாங்கமும் எல்லையை அகட்டிக் குடுத்திட்டுது. எங்கட காணி வேலிச் சண்டை மாதிரித்தான், என்ன, அங்க கத்தியால வெட்டேல்லை. பழைய காணிக்காரர் 'கிளாசிக்கோ' எண்ட பேரோட, 1924இல துவங்கின தங்கட சங்கத்தின்ர சேவலையும் வைச்சுக்கொண்டினம். கிளாசிக்கோவில குறைஞ்சது 80 வீதம் சாஞ்ஜோவேசே முந்திரிகை இருக்கோணும், மற்றதுக்கு 70 காணும்.

சேவலுக்கு ஒரு கதையும் சொல்லுவினம். புளோரன்சுக்கும் சியேனாவுக்கும் இருந்த எல்லைச் சண்டையைத் தீர்க்க, சேவல் கூவின உடன ரெண்டு ஊரிலயிருந்தும் ஒவ்வொரு குதிரைவீரன் வெளிக்கிடுறது, சந்திக்கிற இடம் எல்லை எண்டு பேச்சு. சியேனாக்காரர் வெள்ளைச் சேவலுக்கு வயிறு முட்டத் தீன் போட அது நித்திரை கொண்டிட்டுது, புளோரன்ஸ்காரர் கறுத்ததைப் பட்டினி போட அது விடியமுன்னமே கத்த, அவங்கட ஆள் சியேனாவுக்குக் கிட்டப் போய்ச் சேந்திட்டான். உண்மையோ பொய்யோ, நல்ல கெட்டித்தனம்.

கேள்வி: சுவை எப்பிடி? ஆட்டிறைச்சிக் கறியோட சரிவருமோ?

பதில்: சொதி மாதிரித் தண்ணியுமில்லை, குழம்பு மாதிரித் தடிப்புமில்லை, நடுத்தரம். புளிப்புத் தூக்கலா இருக்கும், பின்னால வாழைக்காய்க் கயர் மாதிரி நாக்கைப் பிடிக்கும். அந்தப் புளிப்புத்தான் தக்காளிச் சாப்பாட்டோட பொருந்துறது. எங்கட தூள் போட்ட உறைப்போட குடிச்சா கயரும் எரிவும் கூடும், அதால பிரட்டலுக்குத் தூளைக் குறைச்சுப் போடச் சொல்லுங்கோ. முன்னம் கொஞ்சநேரம் பிரிட்ஜில வையுங்கோ, 16-18 பாகை நல்லம். எங்கட வீட்டுச் சூட்டில அப்பிடியே ஊத்தினா சாராய மணம்தான் முன்னுக்கு வரும்.

கேள்வி: உரும்பிராயில நிக்கிற எங்கட முந்திரிகையில இதைச் செய்யேலாதோ?

பதில்: வைன் செய்யலாம், கியாந்தி வராது. அங்கயும் சுண்ணாம்புக் கல்லு இருக்கு, அதுவரைக்கும் சொந்தம்தான். ஆனா அங்க மாரியில இலை கொட்டிக் கொடி நித்திரை கொள்ளும், இங்க நாங்கள் வெட்டிவிட வெட்டிவிடக் காய்க்கும். மலையில ராக்குளிர் புளிப்பைப் பழத்துக்குள்ள பிடிச்சு வைக்கும், எங்கட சித்திரை ராவில அது நடக்கிற காரியமோ?

கேள்வி: திறந்த போத்திலை எத்தினை நாள் வைக்கலாம்?

பதில்: கள்ளு மாதிரிப் பின்னேரத்துக்குள்ள புளிக்காது. இறுக்க மூடிப் பிரிட்ஜில வைச்சா மூண்டு நாள். அலுமாரிக்குள்ள ஒரு மாசம் கிடந்தா சலாட்டுக்கு ஊத்துங்கோ.