தொய்வாகக் கட்டுங்கள், கோணலாகப் படுங்கள்

கேள்வி: உச்சிப்புளிக்குப் பக்கத்தில் கடலோரமாக எங்களுக்கு ஒரு சின்னத் தென்னந்தோப்பு இருக்கிறது. கடல் தொழிலை விட்டுவிட்ட அப்பா மதியத்தில் படுக்கட்டும் என்று, கடையில் ஹேமக் என்று விற்கிற வலைத்தொட்டில் ஒன்று வாங்கினோம். வலை மட்டும் 3 மீட்டர் நீளம். 4 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு தென்னைகளுக்கு நடுவே தம்பி அதை நன்றாக இழுத்து விறைப்பாகக் கட்டினான். அரை மணி நேரம் படுத்தால் தோள்கள் நெருக்குகின்றன, முழங்காலுக்குப் பின்னால் வலிக்கிறது, கொஞ்சம் புரண்டாலும் கவிழ்க்கப் பார்க்கிறது என்கிறார் அப்பா. பொருள் சரியில்லையா, கட்டியது சரியில்லையா?

பதில்: பொருளில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. அப்பா சொல்லும் மூன்று தொல்லைகளுக்கும் பெரும்பாலும் காரணம் தம்பி இழுத்துக் கட்டிய அந்த இறுக்கம்தான். கயிற்றுக் கட்டில் தொய்ந்தால் முதுகு வலிக்கும். அதை இறுக்கிப் பழகிய கை இதையும் இறுக்குகிறது. ஆனால் கட்டிலுக்கு நாலு பக்கமும் சட்டம் உண்டு. வலைத்தொட்டிலுக்கு இரண்டு முனைகள் மட்டும்தான். அதை இறுக்கினால் நீளவாக்கில் மட்டுமே விறைக்கும். ஓரங்கள் இரண்டும் மேலே எழும்பி, நடுவில் படுத்தவரின் தோள்களைச் சேர்த்துப் பிடிக்கும். உடம்பும் பள்ளத்தில் அமராமல் மேலேயே நிற்பதால் லேசாகப் புரண்டாலும் சாயும்.

அப்பாவிடம் நங்கூரக் கயிற்றைச் சொல்லிப் பாருங்கள், உடனே பிடித்துக்கொள்வார். கயிற்றை நீளமாக விட்டால்தான் நங்கூரம் பிடிக்கும், வள்ளமும் அமைதியாக நிற்கும். குட்டையாக விட்டால் ஒவ்வொரு அலைக்கும் வெடுக்கென்று இழுபடும். இங்கேயும் அதே கதைதான். 70 கிலோ எடையுள்ளவர் படுத்திருக்கும்போது, கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிந்திருந்தால் ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் ஏறக்குறைய 70 கிலோ இழுவை விழும். 15 டிகிரியில் அது 135 கிலோ. 10 டிகிரியில் 200 கிலோ. அதற்கும் கீழே 5 டிகிரிக்குப் போனால் 400 கிலோ! கயிறும் முடிச்சும் தென்னையும் அத்தனையையும் தாங்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் உறுதி என்று நினைக்கிறோம். உண்மையில் அறுந்து விழ வழி செய்கிறோம்.

அதனால் 30 டிகிரிதான் நமக்கு வேண்டும். கோணம் அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். மரத்தில் கட்டிய இடத்திலிருந்து வலையின் முனை வரை கயிறு இரண்டு முழம் இருந்தால், அந்த முனை கட்டிய இடத்தைவிட ஒரு முழம் கீழே இருக்க வேண்டும். நீளத்தில் பாதி இறக்கம், அவ்வளவுதான் கணக்கு. வெறும் தொட்டிலில் பார்க்காதீர்கள். ஒருவரைப் படுக்க வைத்துப் பாருங்கள், பாரம் ஏறியதும் எல்லாம் மாறிவிடும்.

உங்கள் தோப்புக் கணக்கையே போட்டுப் பார்த்தேன். 3 மீட்டர் வலை சரியான தொய்வில் தொங்கும்போது முனைக்கு முனை நேர்த்தூரம் சுமார் 2.5 மீட்டர் இருக்க வேண்டும், அதாவது வலை நீளத்தில் 83 சதவீதம். மீதி ஒன்றரை மீட்டரை இரண்டு பக்கக் கயிறுகளும் பங்கிட்டுக்கொள்ளும். உட்காரும் இடம் தரையிலிருந்து நாற்காலி உயரத்தில், 45 சென்டிமீட்டரில் அமைய வேண்டுமானால், மரத்தில் ஏறக்குறைய 160 சென்டிமீட்டர், அதாவது ஐந்தேகால் அடி உயரத்தில் கட்டுங்கள். பின்னால் வேறு மரங்களுக்கு மாற்றினால், இடைவெளி ஒரு மீட்டர் கூடும்போதெல்லாம் கட்டும் உயரத்தையும் கிட்டத்தட்ட ஓர் அடி கூட்டிக்கொள்ளுங்கள். இதை மறந்துவிட்டுத் தூரத்து மரத்தில் அதே உயரத்தில் கட்டுகிறவர்கள்தான் தரை தட்டுகிறது என்று மறுபடி இறுக்கத் தொடங்குவார்கள்.

இந்தத் தொய்வு ஒவ்வொரு தடவையும் மாறாமல் இருக்க ஒரு வழி உண்டு. இழுத்தால் நீளாத மெல்லிய கயிற்றை 2.5 மீட்டருக்கு அளந்து, வலையின் இரண்டு முனைகளுக்கும் நடுவே மேலாகக் கட்டிவிடுங்கள். அப்புறம் எந்த மரத்தில் மாட்டினாலும் வலையின் வளைவு அதேதான். அப்பா படுத்திருக்கும்போது அந்தக் கயிற்றை இரண்டு விரலால் வளைத்தால் கொஞ்சம் வளைய வேண்டும். வீணைத் தந்தி போல விறைத்திருந்தால் மரத்துக் கயிற்றைத் தளர்த்துங்கள்.

சரி, இனி படுக்கும் விதம். எனக்கு இதுதான் மிக முக்கியம், ஏனென்றால் கட்டுவதைச் சரியாகச் செய்துவிட்டு இங்கே கோட்டை விடுகிறவர்கள் அதிகம். வலையின் நடுக்கோட்டில் நேராகப் படுத்தால் உடம்பு வாழைப்பழம் போல வளையும். கோணலாகப் படுக்க வேண்டும். தலை நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் ஒரு முழம் தள்ளி, கால் வலப்பக்கம் ஒரு முழம் தள்ளி. அப்படிப் படுத்ததும் வலை விரிந்து கொடுக்கும், முதுகு ஏறக்குறைய சமமாகும், தோள் நெருக்கமும் போய்விடும். சிலருக்கு இடமும் வலமும் மாறினால்தான் சுகம். அப்பா இரண்டையும் படுத்துப் பார்க்கட்டும். விறைப்பாகக் கட்டிய தொட்டிலில் இப்படிக் கோணலாகப் படுக்கவே முடியாது, வலை நடுவுக்குத் தள்ளிவிடும். தொய்வு தேவைப்படுவதே இதற்காகத்தான். இரண்டு முனையிலும் குறுக்குக் கட்டை வைத்த வகைக்கு இந்த முறை பொருந்தாது. ஆனால் உங்களுடையது அது இல்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்து முழங்கால். கால்பக்கக் கயிற்றை மரத்தில் கட்டும் இடத்தைத் தலைப்பக்கத்தைவிட ஒரு சாண் உயர்த்துங்கள். உடம்பின் மேல்பாதிதான் கனம். இரண்டு பக்கமும் ஒரே உயரம் என்றால் படுத்தவர் மெல்லக் கால்பக்கம் வழுக்கிக்கொண்டே போவார், கால் நேராக விறைத்து முழங்கால் பின்னுக்கு வளையும். இறுக்கத்தோடு இதுவும் சேர்ந்துதான் அப்பாவுக்கு வலிக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு சாண் உயர்த்தியும் மீதி வலி இருந்தால் பழைய கைலியைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள். தலைக்குப் பெரிய தலையணை வேண்டாம், வலையே தலையைத் தூக்கிக் கொடுக்கும். கழுத்துக்கு ஒரு துண்டை மடித்து வைத்தால் போதும்.

ஏறும்போது வலையைக் கையால் அகல விரித்துப் பிடித்து, நடுவில் முதலில் உட்கார வேண்டும். அப்புறம் சாய்ந்து, கால்களைக் கோணலாகத் தூக்கிப் போட வேண்டும். ஒரு முழங்காலை ஊன்றி ஏறினால் யாரையும் கவிழ்க்கும்.

மரத்துக் கயிறு எது என்று நீங்கள் சொல்லவில்லை. கடையில் நைலான் என்று கொடுப்பதெல்லாம் நைலானாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் அது பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். மூழ்கினால் நைலானாகவோ பாலியஸ்டராகவோ இருக்கலாம். நைலான் பாரத்தில் நன்றாக நீளும், நனைந்தால் இன்னும் தொய்யும். காலையில் சரியாக இருந்த தொட்டில் மதியம் தரையைத் தட்டினால் காரணம் பெரும்பாலும் அதுதான். பாலியஸ்டர் குறைவாகவே நீளும், வெயிலையும் ஓரளவு தாங்கும். மரத்தைச் சுற்றுவதற்கு மட்டும் கயிறு வேண்டாம், இரண்டு விரல் அகலமுள்ள பட்டை நாடா வாங்குங்கள், மரம் அறுபடாது. இரும்புக் கொக்கி போட்டிருந்தால் துருவைப் பாருங்கள். நம் கடலோரக் காற்றில் உப்பு அதிகம், சாதாரண இரும்பு சீக்கிரம் அரித்துப்போகும். முடிச்சுப் போடுவதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, அப்பாவுக்கே விடுங்கள்.

தொட்டிலுக்கு நேர் மேலே காய்க்குலையும் காய்ந்த மட்டையும் இல்லாத இடம்தானா என்று முதலில் அண்ணாந்து பாருங்கள். இருந்தால் இறக்கிய பிறகுதான் படுக்க வேண்டும், காற்று பலமாக அடிக்கும் ஆனி, ஆடியில் இதில் சற்றும் அசட்டை கூடாது. பனைக்கு மாற்றினாலும் காவோலைக்கு இதே கவனம் வேண்டும். பதநீர் இறக்க ஏறுகிற மரமாக இருந்தால் அதில் கட்டவே வேண்டாம். எல்லாம் ஒத்துவந்த பிறகு கால்பக்க முனையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுங்கள். மழைக்குக் கழற்றி மறுபடி மாட்டும்போது தம்பி தலைமாற்றிக் கட்ட மாட்டான்.