இந்தக் காலத்து இளைஞர்களுக்குத் தொழிற்சங்கத்தில் ஏன் ஆர்வமே இல்லை?

ஆர்வம் இல்லை என்று கேள்வியிலேயே முடிவு செய்துவிட்டீர்கள். அதை நான் ஏற்கமாட்டேன். ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறேன், சங்கக் கமிட்டியிலும் இருக்கிறேன். எங்கள் ஷாப்பில் (ஆலைக்குள் நான் வேலை பார்க்கும் பிரிவு) மெஷின் முன்னால் நிற்பவர்களில் பாதிக்கு மேல் 25 வயதைத் தாண்டாத பையன்கள். ஆனால் சங்க உறுப்பினர் பட்டியலில் அந்த வயதில் தேடினாலும் ஆள் கிடைக்காது. வெளியில் இருந்து பார்ப்பவர்கள் உடனே "பசங்களுக்கு செல்போன் இருந்தால் போதும்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பையன்களில் ஒருவர்கூட பெர்மனென்ட் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

முன்பெல்லாம் ஐடிஐ முடித்துவிட்டு உள்ளே போனால் கொஞ்ச காலம் டிரெய்னி, அப்புறம் புரபேஷன் (சோதனைக் காலம்), அப்புறம் கன்பர்மேஷன் (வேலை நிரந்தரம்), கையோடு சங்கத்தில் சந்தா. இப்போது அப்ரண்டிஸ், டிரெய்னி, காண்ட்ராக்ட், பிக்ஸட் டெர்ம் (குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வேலை) என்று பெயர்தான் மாறுகிறது, கன்பர்மேஷன் வருவதே இல்லை. 1961-ம் வருட அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-வது பிரிவு, அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி ஆகமாட்டார் என்கிறது. வேலை கற்றுக்கொள்ள வந்தவருக்கு அது சரி. ஆனால் மூன்று ஷிப்டும் மாற்றி மாற்றிப் போட்டு, பெர்மனென்ட் ஆளுக்கு உள்ள அதே டார்கெட்டையும் கொடுத்து, மாதக் கடைசியில் ஸ்டைபண்ட் (பயிற்சி உதவித்தொகை) மட்டும் தந்தால் அதற்குப் பெயர் பயிற்சியா?

காண்ட்ராக்ட் பையன்களின் நிலை இன்னும் மோசம். 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்திருந்தால் நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்த 480-ஐ எங்களைவிட எச்.ஆர். ஆட்கள்தான் கவனமாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நாள் நெருங்கும்போது கணக்கை முடித்து அனுப்பிவிட்டு, கொஞ்ச நாள் கழித்து வேறு காண்ட்ராக்டர் பெயரில், வேறு டோக்கன் நம்பரில் (ஆலை தரும் அடையாள எண்) அதே பையனை அதே மெஷினுக்கு அழைத்துக்கொள்வதும் நடக்கிறது. இந்த நிலையில் இருக்கும் ஒருவன் கேட் மீட்டிங்கில் (ஆலை வாசலில் சங்கம் நடத்தும் கூட்டம்) வந்து நின்றால் மறுநாள் அவன் டோக்கன் வேலை செய்யாது, உள்ளே விடமாட்டார்கள், விசாரணை, நோட்டீஸ் எதுவும் தேவையில்லை. வீட்டில் அவன் சம்பளத்தை நம்பி நாலு பேர் இருப்பார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறுவதை ஆர்வமின்மை என்று என்னால் சொல்ல முடியாது.

பயம் விலகும் இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 2021 டிசம்பரில், ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு கெட்டுப்போய், 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுக்குச் சங்கம் கிடையாது, பலரும் காண்ட்ராக்ட் வேலைக்காரர்கள், வெளியூரிலிருந்து வந்த இளம்பெண்கள். அவர்கள்தான் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். ஆலை மூன்று வாரத்துக்கு மேல் மூடிக்கிடந்தது.

அடுத்து சாம்சங். சுங்குவார்சத்திரத்தில் 2007-லிருந்து ஓடும் ஆலை, பல வருடம் அங்கே சங்கமே இல்லை. 2024 செப்டம்பர் 9-ம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. முதல் கோரிக்கையே சங்கத்தை அங்கீகரியுங்கள் என்பதுதான். சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் வரக்கூடாது என்றுகூட நிர்வாகம் ஆட்சேபித்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி கடைசியில்தான் பதிவு கிடைத்தது. அவ்வளவு நாள் அவர்களால் தாக்குப்பிடிக்க முடிந்ததற்கு ஒற்றுமை ஒரு காரணம், அவர்கள் பெர்மனென்ட் தொழிலாளர்களாக இருந்தது இன்னொரு காரணம். இரண்டாவதை யாரும் பேசுவதில்லை.

சங்கங்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஊதிய ஒப்பந்தம் போடும்போது கோரிக்கைப் பட்டியலில் பெர்மனென்ட் ஆட்களின் இன்சென்டிவ், இன்சூரன்ஸ் எல்லாம் விரிவாக இருக்கும், பக்கத்தில் நிற்கும் டிரெய்னியைப் பற்றி ஒரு வரி இருக்காது. "அவன் நம்ம மெம்பர் இல்லையேப்பா" என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் ஆலையில் டிரெய்னிகளுக்கு சேஃப்டி ஷூ புதிதாகத் தரமாட்டார்கள். வேலையை விட்டுப் போனவன் போட்டிருந்ததையே கழுவிக் கொடுப்பார்கள், சைஸ் பொருந்தாது, முன்பக்கத் தோல் கிழிந்து உள்ளே இருக்கும் இரும்பு வெளியே தெரியும். அதைப் போட்டுக்கொண்டுதான் பிரஸ் ஷாப்பில் (தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பிரிவு) எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். கமிட்டியில் இதை எடுத்தபோது சொந்தக் கோரிக்கைகள் பின்னால் போய்விடும் என்று சிலர் தயங்கினார்கள். விடாமல் பேசிப் பட்டியலில் சேர்த்தோம், புது ஷூ வந்தது. சின்ன விஷயம்தான், ஆனால் அதற்கு அப்புறம் டீக்கடையில் எங்களைப் பார்த்தால் ஒதுங்கிப் போன பையன்கள் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். "அண்ணே, நாங்க சேர முடியுமா?" என்று கேட்டவனும் அவர்களில் ஒருவன்தான்.

நீங்களே அப்படி ஒரு இடத்தில் வேலை செய்து, இதைக் கேட்டிருந்தால் சில விஷயம் சொல்கிறேன். சங்கப் பதிவு விண்ணப்பத்தில் 7 பேர் கையெழுத்துப் போட்டால் போதும், ஆனால் வேலை செய்பவர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அவ்வளவு பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். ஆள் சேரும் முன்பே வாட்ஸ்அப் குரூப் தொடங்கி எல்லாரையும் சேர்க்காதீர்கள், யாராவது ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்பிவிடுவார். ஷிப்ட் முடிந்து, ஆலைக்கு வெளியே, இரண்டு மூன்று பேராகப் பேசுங்கள். சம்பள ரசீது, அடையாள அட்டை, காண்ட்ராக்டர் பெயர் உள்ள எந்தக் காகிதம் கிடைத்தாலும் போட்டோ எடுத்து வையுங்கள். எந்தத் தேதியில் வேலைக்கு வந்தீர்கள் என்று ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள். நாளைக்கு 480 நாள் கணக்கு கேட்டு வழக்குப் போட்டால் அதிகாரியும் நீதிபதியும் முதலில் கேட்பது அந்த ஆதாரத்தைத்தான்.