அவர் உங்களுக்கு என்ன வேண்டும்?

"கல்யாணமான ஒரு கே ஆண், அதுவும் பைக்கில் சுற்றுகிறவர் என்றால் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேற்று எங்கள் வீட்டில் நடந்த சண்டை ஒரு துண்டைப் பற்றியது. வண்டிச் செயினைத் துடைக்கப் பழந்துணி என்று நினைத்து நான் எடுத்தது என் கணவர் முகம் துடைக்கிற துண்டு. செயின் கருப்பு எந்தச் சோப்புக்கும் அசையாது. ஒன்பது வருடத் திருமண வாழ்க்கையில் இது மூன்றாவது துண்டு. நீங்கள் எதிர்பார்த்த சாகசம் இதுவாக இருக்காது, தெரியும்.

வண்டி என்னுடையது. அவர் ஓட்ட மாட்டார், பின்னால்தான் உட்காருவார். என்னைவிட ஒரு கை உயரம், எடையும் அதிகம். அதனால் இருவரும் கிளம்புகிற அன்று பின் டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டி, பின் ஷாக்கை (குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங்) இரண்டு படி இறுக்க வேண்டும். மறந்தால் வண்டியின் முன்பக்கம் லேசாகிவிடும், வளைவில் சொன்ன பேச்சைக் கேட்காது. முகப்பு விளக்கும் சாலையை விட்டுவிட்டு மரக்கிளையைக் காட்டும். முதல் வருடம் வளைவு வந்தாலே அவர் எதிர்ப்பக்கம் சாய்வார், விழுந்துவிடுவோம் என்று பயந்து. "நீ சாயாதே, நான் திரும்புகிற பக்கத்துத் தோளுக்கு மேலே எட்டிப் பார், போதும்" என்று சொல்லிக் கொடுத்த பிறகு சரியானது. உடம்பு தானாகப் பின்தொடர்ந்துவிடும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் இன்றைக்கும் அவர் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் 'டொக்' என்று முட்டும். அந்தச் சத்தத்தை வைத்தே அவர் தூங்கினாரா விழித்திருந்தாரா என்று சொல்லிவிடுவேன்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "உங்களில் யார் ஆண், யார் பெண்?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முன்னால் உட்காருபவன் கணவன், பின்னால் மனைவி என்று ஒரு கணக்கு அவர்களுக்கு. எங்களைப் பார்த்ததும் அந்தக் கணக்கு உதைக்கிறது: பின்னால் இருப்பவருக்குத்தான் தாடியும் தோள் அகலமும். நான் விளக்குவதில்லை. இரண்டு பேருமே கணவர்தான், அதில் விளக்க என்ன இருக்கிறது? வீட்டில் நாங்கள் ஒருவரையொருவர் 'டா' போட்டுத்தான் பேசிக்கொள்வோம். 'என்னங்க' என்று அவர் ஆரம்பித்தால் ஏதோ வாங்கச் சொல்லப் போகிறார் என்று அர்த்தம்.

உண்மையில் அலுப்பாக இருப்பது வேறு ஒரு கேள்வி. எண்ணெய் போடும் இடத்தில், தங்கும் விடுதியில், வழியில் கூடச் சேர்கிற ரைடர்களிடம், எங்கே போனாலும் வரும்: "அவர் உங்களுக்கு என்ன வேண்டும்?" ஒருமுறை சொல்லி முடித்துவிடுகிற விஷயம் இல்லை இது. ஒவ்வொரு புது ஆளிடமும் மறுபடி முதலிலிருந்து. இந்த முகம் எப்படி மாறும், இங்கே இரவு தங்க வேண்டுமா, சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாமா என்று அரை நொடியில் கணக்குப் போட வேண்டும். பல வருடம் 'நண்பர்' என்று சொல்லித் தப்பித்தேன்.

அதை நிறுத்தியது ஒரு விழுதல். பெரிய விபத்தெல்லாம் இல்லை. நாற்சந்தியில் திரும்பும்போது சிதறிக் கிடந்த ஜல்லி, மிதிவண்டி வேகம். தோள் தரையில் இடித்துக் காரை எலும்பு உடைந்தது. பைக்காரர்களுக்கு அடிக்கடி உடைகிற எலும்புகளில் அதுவும் ஒன்று. அன்று நான் தனியாகப் போயிருந்தேன். செய்தி கேட்டு மருத்துவமனைக்கு ஓடிவந்தவரை வரவேற்பில் அதே கேள்வி கேட்டிருக்கிறார்கள். 'கணவர்' என்று சொன்னால் உள்ளே விடாமல் போய்விடுவார்களோ என்ற பயம். "அண்ணன்" என்று சொல்லிவிட்டார். உடனே விட்டார்கள், தாளிலும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

அப்புறம்தான் வேடிக்கை. காப்பீடு அவருடைய அலுவலகம் வழியாக வருவது; அதில் நான் அவருடைய கணவன். மருத்துவமனைத் தாளில் நான் அவருடைய தம்பி. எது உண்மை என்று கேட்டுக் கடிதம் வந்தது. திருமணச் சான்றிதழ், விளக்கக் கடிதம், திருத்திய மருத்துவமனைத் தாள் என்று இரண்டு மாதம் அலைந்தோம். உடைந்த எலும்பு அதற்குள் கூடிவிட்டது. அன்றிலிருந்து என் ஜாக்கெட் உள்பையில் ஓர் அட்டை இருக்கிறது: பெயர், ரத்த வகை, அவர் எண், உறவு - கணவர். கைபேசியின் பூட்டுத் திரையிலும் அதே விவரம். நீங்கள் யாராக இருந்தாலும், வண்டி ஓட்டினால் இதைச் செய்து வையுங்கள்.

திருமணம் வெறும் காகிதம்தானே என்று எங்கள் ஆட்களிலேயே சிலர் சொல்வார்கள். தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கும்போது அந்தக் காகிதத்தின் கனம் தெரியும். ஒருபாலினத் திருமணத்தை நெதர்லாந்து 2001இல் தொடங்கி வைத்தது, இன்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் சட்டம் இருக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் அந்த உரிமையைத் தர மறுத்தது. சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் நடுவில் கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாய் இருக்கிறது, 2,469 மீட்டர். வடக்குச் சரிவில் 2022 முதல் எங்களைப் போன்றவர்கள் திருமணம் செய்துகொள்ளலாம். தெற்குச் சரிவில் இறங்கினால் திருமணம் கிடையாது, 2016இல் வந்த இணையர் பதிவு மட்டும்தான். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஒருநாள் போக வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. வரைபடத்தில் விரல் வைத்துப் பார்ப்பதோடு நிற்கிறது.

கே ரைடர்களுக்குத் தனி கிளப் எதற்கு என்று நானே முன்பு கேட்டிருக்கிறேன். லாஸ் ஏஞ்சலிஸில் 1954இலேயே சேட்டர்ஸ் என்று ஒன்று தொடங்கினார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1976 முதல் பைக் ஓட்டும் லெஸ்பியன் பெண்கள், எங்களைப் போன்றவர்கள் நடத்தும் பிரைடு ஊர்வலத்தின் முன்னணியில் போகிறார்கள். (நடக்கிற கூட்டத்துக்குப் பின்னால் ஊர்ந்தால் கிளட்ச் என்ன ஆகும் என்று ஓட்டுபவர்களுக்குத் தெரியும். முன்னால் போவதுதான் வண்டிக்கும் நல்லது.) அப்படி ஒரு குழுவோடு முதல்முறை போன அன்றுதான் புரிந்தது. யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அரை நொடிக் கணக்கும் தேவைப்படவில்லை.

இப்போதெல்லாம் எங்கே கேட்டாலும் நேராகச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் பின் ஷாக்கைக் காட்டப் பட்டறைக்குப் போனேன். "பின்னால் யார் உட்காருவது?" என்றார் மெக்கானிக். "என் கணவர்" என்றேன். குனிந்திருந்தவர் நிமிரவே இல்லை. "எத்தனை கிலோ?"

82 என்று சொன்னேன். அதைக் கேள்விப்பட்டு வீட்டில் பெரிய சண்டை. 79தானாம்.